நாரைக்காரனோடு ஒரே வீட்டில்

2023 ஆகஸ்ட் 28, திங்கள்

ரத்த அழுத்தம் எதனால் ஏறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். நர்ஸ் சொன்னாள்: "என்னத்துக்கு எரிச்சல் வருதோ அத அன்னன்னிக்கு எழுதி வைங்க மிஸ் வைலீன்." எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் எரிச்சலைப் பற்றி என்றால் எழுதலாம். கைவசம் நிறைய இருக்கிறது.

முதல் எரிச்சல். இன்று நான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிய பையன்களில் பாதிப் பேர் எங்கேயோ இருக்கிற பெரிய கல்லூரிகளின் சட்டை போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஹாக்கின்ஸ் கிரீக்கில் பிறந்து, கால்வெர்ட் கல்லூரி மைதானத்து விளக்கு ஜன்னலில் விழ வளர்ந்த பிள்ளைகள். "கால்வெர்ட் சட்ட எங்கடா?" என்று ஒருத்தனைக் கேட்டேன். "அவங்க பெரிய டிவியில வரமாட்டாங்களே மிஸ் வைலீன்" என்கிறான். பஸ் கதவை அவன் மூக்குக்கு நேரே சாத்தத் தோன்றியது. சாத்தவில்லை. வேலை போய்விடும்.

இரண்டாவது எரிச்சல் சோபாவில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை தின்கிறது. அதற்கு முப்பது வருஷமாக மருந்து கிடையாது.

செப்டம்பர் 2, சனி

கால்வெர்ட்டின் முதல் மேட்ச், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதுகிற எங்கள் ஊர் ஃபுட்பால். காலை பதினொரு மணிக்கு. அலபாமாவில் செப்டம்பர் வெயிலில் பதினொரு மணிக்கு இரும்புப் பெஞ்சில் உட்காரச் சொல்கிறவன் மனிதனா? டிவிக்காரனுக்கு அந்த நேரம்தான் காலியாம். முன்பெல்லாம் மேட்ச் சாயங்காலம். அதற்குள் வண்டி நிறுத்துகிற இடத்தில் அடுப்பு மூட்டி, பன்றி விலா சுட்டு, கெளுத்தி மீன் பொரித்து, ஊரே ஒரு பந்தி சாப்பிட்டு முடித்திருக்கும். இன்று காலை எட்டு மணிக்கு நின்றபடி விலா எலும்பைக் கடித்தோம். பல் தேய்த்த ருசி வாயில் இன்னும் போகவில்லை.

புல்லையும் பிடுங்கிவிட்டார்கள். பச்சைப் பிளாஸ்டிக் விரித்திருக்கிறார்கள். வெயிலில் அது டயர் கடை மாதிரி நாறுகிறது.

கால்வெர்ட்டின் சின்னம் கோவேறு கழுதை. மேட்சுக்கு முன்னால் நிஜக் கழுதை ஒன்று மைதானத்தை ஒரு சுற்று வரும். நாங்கள் எழுந்து நிற்போம். இந்த வருஷம் இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கொள்ளவில்லையாம். காற்றடைத்த கழுதை வேஷத்துக்குள் ஒரு பையனை விட்டிருக்கிறார்கள். பாதி வழியில் காற்று இறங்கி ஒரு காது தொங்கிவிட்டது. பக்கத்து இருக்கை ஒடெஸா அழகு நிலையம் வைத்திருப்பவள். இருபது வருஷத்துக்கு மேலாக என் தோளை இடித்துக்கொண்டு உட்காருகிறாள். "அந்தக் கழுத பின்னங்கால் தூக்கினாலும் அதுக்குன்னு ஒரு மரியாத இருந்துச்சு வைலீன்" என்றாள்.

ஜெயித்தோம். யாரை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நடக்கத் தெரிந்தவர்களாகப் பொறுக்கி அனுப்பியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் கார்லண்ட் சோபாவிலிருந்து, "கழுதைங்க இன்னிக்கு நாலு காலையும் ஒரே தெசையில வெச்சுதா?" என்கிறான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

நர்ஸ் இதைப் படிப்பாளோ என்னவோ. படித்தால் புரிய வேண்டுமே, எழுதி வைக்கிறேன்.

கார்லண்ட் என் புருஷன். டிராக்டர் பழுது பார்ப்பவன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன். அங்கே டன்மோர் கல்லூரி. நிறம் ஆரஞ்சு, சின்னம் நாரை. எங்கள் நிறம் பச்சை. தெரிந்தேதான் கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று பாதிரியார் முத்தம் கொடுக்கச் சொன்னபோது குனிந்து பார்க்கிறேன், கறுப்புக் கால்சட்டைக்குக் கீழே ஆரஞ்சுக் காலுறை. முத்தத்தை நெற்றியோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை கால்வெர்ட்டும் டன்மோரும் மோதும். ஆற்று மேட்ச். எங்கள் தாத்தாமார் காலத்திலிருந்து. கலப்புக் குடும்பங்களில் எல்லாம் ஒரே சட்டம்: தோற்ற கட்சிக்காரர் மறுநாள் காலை ஜெயித்த கட்சியின் சட்டையைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வர வேண்டும். காய்ச்சல் என்று படுக்கக்கூடாது. நான் பாடகர் குழுவில் முதல் வரிசை. போன வருஷம் நாங்கள் தோற்றோம். ஆரஞ்சுச் சட்டையில் நின்று அல்லேலூயா பாடினேன். கர்த்தர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

எனக்கும் கார்லண்டுக்கும் பிள்ளை இல்லை. பேச்சு உண்டு. பேச்சில் முக்கால்வாசி இந்த மேட்ச்தான்.

செப்டம்பர் 11, திங்கள்

உள்ளூர் வானொலியில் திங்கள் சாயங்காலம் ஹோய்ட்டின் நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் போன் போட்டுப் புலம்பலாம். நான் வாடிக்கை. "லைன்ல யாரு, பஸ்காரம்மாவா?" என்றான். "ஆமாப்பா. எங்க பந்து எறியற தம்பியப் பத்திப் பேசணும். மூணு வருஷத்துல மூணு காலேஜ் மாறியிருக்கான். எங்க தெரு நாய்கூட அவ்வளவு வீடு மாறினதில்ல. அதுவாவது சோறு போட்ட எடத்துல வால ஆட்டும்" என்றேன். ஹோய்ட்டுக்குச் சிரிப்பில் இருமல் வந்து விளம்பரம் போட்டுவிட்டான்.

செப்டம்பர் 19, செவ்வாய்

ஆற்று மேட்சை நிறுத்தப் போகிறார்கள்.

எழுதிவிட்டு ஒரு தடவை படித்தேன். அப்படியேதான் இருக்கிறது.

கால்வெர்ட்டின் விளையாட்டுத் துறைக்கு ஒரு தலைவர், மிஸ்டர் வாஸ். எங்கேயோ வடக்கிலிருந்து வந்து இரண்டு வருஷமாகிறது. வெள்ளைக் காலணி. அடுத்த வருஷத்திலிருந்து நாம் பெரிய கல்லூரிகளின் வட்டத்துக்குப் போகிறோமாம். அங்கே டன்மோருக்கு இடம் கிடையாதாம். இந்த அக்டோபர்தான் கடைசி ஆற்று மேட்ச். அடுத்த வருஷம் அதே சனிக்கிழமையில் வடக்கே ஒரு ராட்சசக் கல்லூரிக்குப் போய் அவர்கள் ஊரில் ஆட வேண்டும். அவர்கள் எதற்கு நம்மைக் கூப்பிடுகிறார்கள்? அவர்கள் கூட்டம் ஒரு சனிக்கிழமையைச் சிரித்துக் கழிக்க. அதற்குப் பெரிய காசோலை தருகிறார்கள். நம் பிள்ளைகள் போய் மண்ணைக் கவ்விவிட்டு வர வேண்டும். தூ.

ராத்திரிச் சாப்பாட்டில் கார்லண்டிடம் சொன்னேன். சோள ரொட்டியைப் பாதி வாயில் வைத்தபடி, "பயந்துட்டீங்க" என்றான்.

"யாரு பயந்தது?"

"நார கொத்திப்புடும்னு கழுத ஊரவிட்டே ஓடுது. இதுவரைக்கும் ஓட்டந்தான் கம்மியா இருந்துச்சு உங்க டீம்ல."

வெண்ணெய்க் கத்தியை அவன் பக்கம் நீட்டினேன். மனசுக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 21, வியாழன்

கல்லூரி உள்ளரங்கில் ரசிகர் கூட்டம். வாஸ் திரையில் படம் காட்டினார். அம்புக்குறி எல்லாம் மேலே போகிறது. மேலே போகிற அம்புக்குறியைப் பார்த்தால் எனக்கு என் ரத்த அழுத்தம்தான் ஞாபகம் வருகிறது.

கை தூக்கினேன். "மிஸ்டர் வாஸ், காசு வாங்கிக்கிட்டுத் தோக்கறதுக்கு எங்க ஊர்ல வேற பேரு வெச்சிருக்கோம். பாதிரியார் ஒக்காந்திருக்காரு, சொல்லமாட்டேன்."

கூட்டம் சிரித்தது. பாதிரியார் பிரதர் டிஸ்டேல் தரையைப் பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது.

"உங்க உணர்வுகள நாங்க ரொம்ப மதிக்கிறோம் மேடம்" என்றார் வாஸ்.

"அப்படின்னா டன்மோர் ஜனங்களோடத?"

"அவங்க நம்ம வாடிக்கையாளர்கள் இல்லையே."

வாடிக்கையாளர். முப்பது வருஷமாக நான் துணிக்கடைக்கா போய்க்கொண்டிருந்தேன்?

செப்டம்பர் 30, சனி

தோல்வி. அசிங்கமான தோல்வி. எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9, திங்கள்

கார்லண்ட் ஜெயித்துவிட்டால்? இன்று பஸ் ஓட்டும்போதெல்லாம் அதே யோசனை. இது கடைசி என்றால், இதில் ஜெயிக்கிறவர் சாகிற வரைக்கும் ஜெயித்தவர். மறு வருஷம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல மறு வருஷம் கிடையாது. எழுபது வயதில் மூட்டு வலியோடு உட்கார்ந்திருப்பேன், அவன் வந்து, "வைலீன், கடைசியா யாரு ஜெயிச்சா?" என்பான். கண்டிப்பாகக் கேட்பான். எனக்கு அவனைத் தெரியும். அவன் இடத்தில் நான் இருந்தால் தினமும் கேட்பேன்.

அக்டோபர் 20, வெள்ளி

நாளை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், டன்மோர் மைதானத்தில். வேர்க்கடலை அடுப்பில். கார்லண்ட் தன் நாரைக் கொடியை லாரியின் ஒரு ஜன்னலில் கட்டியிருக்கிறான், நான் என் பச்சையை மறு ஜன்னலில். பாலத்தைத் தாண்டுகிறவர்கள் பார்த்துவிட்டு ஹாரன் அடிப்பார்கள்.

அக்டோபர் 21, சனி

முடிந்தவரை எழுதுகிறேன். 

ஒரே லாரியில் போனோம். வாசலில் பிரிந்தோம். அவன் ஆரஞ்சுப் பக்கம், நான் பச்சைப் பக்கம். மேட்ச் முடிகிற வரைக்கும் பேச்சு கிடையாது, அது வழக்கம். "போய்ட்டு வா, சட்டைய இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்" என்றான் போகிற போக்கில்.

மூன்று மணிக்கு ஆரம்பம். எவ்வளவு கூட்டம். டன்மோர்க்காரர்கள் நாரை மாதிரி ஒரு காலில் நின்று கத்தினார்கள். நாங்கள் கழுதை மாதிரி கனைத்தோம். ஒடெஸா கனைத்தால் நிஜக் கழுதையே திரும்பிப் பார்க்கும். கடைசிக் கால் பகுதி, பதினேழுக்குப் பதினேழு. பந்து எங்களிடம். தாண்டினால் புள்ளி கிடைக்கிற கோட்டுக்கு மூன்றே கஜம். அந்த மூன்று காலேஜ் தம்பி, நான் திட்டிய அதே தம்பி, உடம்பெல்லாம் மண்ணும் ரத்தமுமாக நின்றான். இவன் ஜெயித்துக் கொடுத்தால் ஹோய்ட் நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

வானம் மின்னியது.

மின்னினால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு மின்னலுக்கும் அரை மணி நேரம். எல்லோரையும் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிற நடைபாதைக்குள் விரட்டினார்கள். பச்சையும் ஆரஞ்சும் ஒன்றாக, ஈரத் துணி வாடையில். கார்லண்ட் கூட்டத்தை இடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தான். நனைந்த நாரை. பையில் மிச்சமிருந்த வேர்க்கடலையை நீட்டினான்.

"மேட்ச் முடியலயே, பேசக்கூடாதே" என்றேன்.

"பேசல. சாமியே உங்களப் பாத்து வெளக்க அணைச்சிருச்சுன்னு சொல்ல வந்தேன்."

"மூணு கஜம் கார்லண்ட். மூணே மூணு."

"உங்க ஆளுங்க மூணு கஜம் போறதுக்குள்ள பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பிடலாம்."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். முகம் தெரியாத ஆரஞ்சுக்காரி ஒருத்தி என் முதுகில் தட்டினாள். மழை கொட்டியது. இரண்டாவது அரை மணி நேரம் போனது.

அப்புறம் ஒலிபெருக்கி. டிவிக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டதாம். இரண்டு கல்லூரி நிர்வாகங்களும் பேசி மேட்சை இத்தோடு முடித்துக்கொள்கின்றனவாம். முடிவு இல்லை. வந்ததற்கு நன்றி. பத்திரமாக வண்டி ஓட்டுங்கள்.

அந்த நடைபாதையில் யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். எல்லோரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். மழைக்குள்ளே போய் ஆடச் சொன்னாலும் அந்தப் பிள்ளைகள் ஆடியிருப்பார்கள். அந்தத் தம்பி தலைக்கவசத்தைக் கழற்றாமல் மைதான வாசலிலேயே நின்றுகொண்டிருந்தானாம், ஒடெஸா பார்த்தாள்.

இவனுங்க நாசமாப் போவ. ஒரு மூணு கஜம். ஒரே ஒரு தடவ ஆடவிட்டா என்ன கொறஞ்சிருக்கும்? தோத்திருந்தாக்கூட தோத்தேன்னு இருக்குமே.

லாரி பாலத்தில் ஏறியது. "அப்ப யாரு ஜெயிச்சது?" என்றேன்.

"யாரும் இல்ல" என்றான் கார்லண்ட்.

அக்டோபர் 22, ஞாயிறு

காலையில் அலமாரி முன்னால் இரண்டு பேரும் நின்றோம். என்ன போடுவது என்று தெரியவில்லை. கடைசியில் நான் நீலக் கவுன், அவன் வெள்ளைச் சட்டை. சர்ச் வாசலில் பிரதர் டிஸ்டேல் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் டவுன்காரங்க மாதிரி வந்திருக்கீங்க?" என்றார். உள்ளே எல்லாக் கலப்புக் குடும்பங்களும் அப்படித்தான். வரிசை வரிசையாக நல்ல சட்டைகள். யாரையும் கிண்டல் செய்ய ஏதுவாக இல்லை. பிரசங்கம் நீண்டுகொண்டே போனது.

நவம்பர் 12, ஞாயிறு

ஒன்றும் எரிச்சல் இல்லை. அதுதான் எரிச்சல்.

2024 ஆகஸ்ட் 31, சனி

இந்தப் பக்கங்களை விட்டு மாதக்கணக்காகிறது. அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் சந்தோஷப்பட்டாள். எனக்குச் சந்தோஷமில்லை.

புதுப் பருவம். புது வட்டம். அந்தப் பந்து எறிகிற தம்பி நான்காவது கல்லூரிக்குப் போய்விட்டான். இந்தத் தடவை எனக்குத் திட்ட மனசு வரவில்லை. மைதானத்தில் நிழல் உள்ள பக்கத்தைக் கண்ணாடி அறைகளாக்கிவிட்டார்கள். உள்ளே வாஸின் விருந்தாளிகள் குளிர்சாதனத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். டன்மோரும் வேறெங்கோ யாருடனோ ஆடுகிறது, பெயர் கூட வாயில் நுழையவில்லை.

கிளம்பும்போது கார்லண்ட் கதவு வரைக்கும் வந்தான். ஏதோ கொட்டப் போகிறான் என்று தயாராக நின்றேன்.

"நல்லா ஆடட்டும் உங்க பசங்க" என்றான்.

"என்ன?"

"நல்லா ஆடட்டும்னேன்."

மைதானம் வரைக்கும் அதில் என்ன குத்தல் இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனேன். இல்லை. நிஜமாகவே சொல்லியிருக்கிறான்.

அக்டோபர் 19, சனி

ஆற்று மேட்ச் நடந்திருக்க வேண்டிய நாள். அதற்குப் பதில் டிவியில் அந்த ராட்சசக் கல்லூரி எங்களைத் துவைத்துக் காயப்போட்டது. அறுபத்து மூன்றுக்கு மூன்று. பாதியிலேயே தங்கள் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் கொடுக்கிறவர்கள் மாதிரி இருந்தவர்களை விட்டு ஆடினார்கள். அப்போதும் நிற்கவில்லை. அவர்கள் கூட்டம் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கூச்சல்கூடப் போடவில்லை. கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் கழுதைப் பாட்டை அவர்கள் வாத்தியக்குழு மரியாதைக்காக ஒரு தடவை வாசித்தது. மரியாதைக்காக. 

கார்லண்ட் பக்கத்தில்தான் இருந்தான். ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நொண்டியபடியே திரும்பி வந்தான்.

"பாவம்" என்றான் கார்லண்ட். "முடிஞ்ச வரைக்கும் முட்டி மோதறாங்க, நல்ல பசங்க."

நான் சத்தத்தைக் குறைத்தேன். "இப்ப என்ன சொன்ன?"

"நல்ல பசங்கன்னேன்."

"கழுதைன்னு சொல்லு."

"எதுக்கு?"

"அறுவத்தி மூணு வாங்கியிருக்கோம் கார்லண்ட். இதவிட நல்ல எடம் எப்பக் கெடைக்கும் ஒனக்கு? ஏதாவது சொல்லித் தொலையேன்."

யோசித்தான். நிஜமாகவே முயற்சி பண்ணினான், முகத்தில் தெரிந்தது. அப்புறம் சொன்னான்: "எங்களுக்கும் உங்களுக்கும் இப்ப என்ன இருக்கு வைலீன்?"

முப்பது வருஷத்தில் எத்தனையோ வாங்கிக் கட்டியிருக்கிறேன் இவனிடம். எதுவும் உறைத்ததில்லை. இன்றைக்குச் சமையலறையில் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவியிருந்த பாத்திரத்தையே.

அக்டோபர் 21, திங்கள்

"தயவுசெஞ்சு அந்த உப்பக் கொஞ்சம் குடுக்கறியா?" என்றான் சாப்பாட்டில். தயவுசெய்தாம். என் புருஷன் பேசுகிற பேச்சா இது? லாட்ஜில் தங்க வந்தவன் மாதிரி.

உப்பைக் கொடுத்தேன். "நன்றி" என்கிறான். கடவுளே.

அக்டோபர் 22, செவ்வாய்

தலைமுடிக்குச் சாயம் போட ஒடெஸாவிடம் போனேன். எல்லாம் கொட்டினேன். சீப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"எம் புருஷன் தயவுசெஞ்சுன்னு ஒரு தடவ சொன்னா நான் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துவேன். ஒனக்கு அதுல வருத்தமா?"

"அவனுக்கு என்னத் திட்ட ஒண்ணும் மிச்சமில்ல ஒடெஸா."

"ஏதாவது குடு அப்ப."

"என்ன குடுக்கறது? கால்வெர்ட்டத் திட்ட மாட்டேங்கிறான், பாவப்படறான்."

"அவனுக்கு ஆகாதவங்க வேற யாருமே கெடையாதா?"

இருக்கிறார்களே. பீச்சம்.

அக்டோபர் 23, புதன்

யோசிக்க யோசிக்க அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செய்யப் போகிறேன்.

எங்கள் ஊர் ஹை ஸ்கூலுக்கு ஜென்மப் பகை பக்கத்து ஊர் பீச்சம். ஊதா நிறம். ஒரு வருஷம் எங்கள் பள்ளி மைதானத்தில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டிப் புல்லைக் கருக்கிவிட்டுப் போன கும்பல். கல்லூரி விஷயத்தில் நானும் கார்லண்டும் எதிரெதிர், ஆனால் வெள்ளிக்கிழமை ஹை ஸ்கூல் மேட்ச் என்றால் இரண்டு பேரும் ஊர்ப் பக்கம்தான். பீச்சம் என்ற பேரைக் கேட்டால் கார்லண்டுக்குப் பசி போய்விடும்.

இந்த வெள்ளி பீச்சம் இங்கே வருகிறது. கார்லண்ட் அன்று மைதானத்திலேயே இருப்பான். சங்கிலி பிடிக்கிறவன் அவன். பந்து எத்தனை கஜம் நகர்ந்தது என்று அளக்க, இரண்டு கம்பும் நடுவில் சங்கிலியுமாக ஓரக் கோட்டில் நிற்கிற வேலை. சம்பளம் ஒரு ஹாட் டாக். நடுவரின் ஆள் என்பதால் வாயைத் திறக்கக்கூடாது, எந்தக் கட்சிக்கும் கைதட்டக்கூடாது. வருஷக்கணக்காக அந்த வேலையில் தூண் மாதிரி நிற்கிறான். நிற்பது வந்தவர்கள் உட்காருகிற பக்கம். அதாவது பீச்சம்காரர்களுக்கு நேர் எதிரே, கைக்கெட்டுகிற தூரத்தில்.

ஒடெஸாவின் மைத்துனி பீச்சம்காரி. சட்டை கிடைத்துவிட்டது. வேறொருத்தியின் சென்ட் வாடை. துவைத்தேன். இன்னொரு தடவை துவைத்தேன். ஊதா போகவில்லை.

அக்டோபர் 26, சனி

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காலையிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினேன். முதல் நிறுத்தத்தில் ஏறிய சின்னப் பெண் படியிலேயே நின்றுவிட்டாள். "மிஸ் வைலீன், ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?" பின் வரிசைப் பையன்கள் ஸ்கூல் வரைக்கும் ஊளையிட்டார்கள். ஊர் மானத்தைக் காக்கிற விஷயத்தில் பிள்ளைகள் தேறிவிடுவார்கள் போலிருக்கிறது. கார்லண்ட் பார்க்கவில்லை, அவன் விடியற்காலையிலேயே கடைக்குப் போய்விடுவான்.

சாயங்காலம் மைதானத்துக்குப் போய்ப் பீச்சம் பக்கம் ஏறினேன். கால் கூசியது, சாணியில் நடக்கிற மாதிரி. அந்த ஊர்ச் சனங்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி கையில் ஊதா மணி ஒன்றைத் திணித்தாள். முதல் வரிசை. கார்லண்ட் முதுகைக் காட்டிக்கொண்டு கம்போடு நின்றிருந்தான்.

எதிர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கேயும் இப்போது யாரும் மேட்ச் பார்ப்பதில்லை. அப்பன்மார் எல்லாம் கைபேசியில் தங்கள் பையனை மட்டும் படமெடுக்கிறார்கள், எங்கேயோ இருக்கிற கல்லூரிக்கு அனுப்பி இடம் வாங்க. பந்து வேறு பக்கம் போனாலும் கேமரா திரும்புவதில்லை. அதைப் பார்க்கப் பார்க்க வந்த ஆத்திரத்தில் மணியை ஓங்கி ஆட்டினேன்.

"போடு பீச்சம்! அந்த ஊர்ப் பயலுகளத் தரையில தேய்ங்கடா!" என்று கத்தினேன்.

கார்லண்டின் தோள் அசைந்தது. குரல் தெரிந்துவிட்டது. மெல்லத் திரும்பினான். என்னைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். மணியைப் பார்த்தான். வாய் திறந்தது, மூடியது. நடுவர் பக்கத்தில் இருந்தார். திரும்பிக்கொண்டான். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

அடுத்த தடவை பீச்சம் பத்து கஜம் போனபோது அளக்கக் கூப்பிட்டார்கள். கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் திரும்பி வரும்போது என் முன்னால் நின்றான். பல்லைக் கடித்தபடி, உதடு அசையாமல், "கீழ எறங்கு" என்றான்.

"நடுவரே, ஒங்க ஆளு ரசிகர்கள மெரட்டறான்" என்றேன்.

"வைலீன், ஒங்கப்பன் கல்லறையில பொரண்டு படுப்பாரு."

"எந்தப் பக்கம் பொரண்டாலும் எங்கப்பாதான். நீ ஒம் சங்கிலியப் பிடி."

அப்போது பீச்சம் பந்தோடு கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டது. நான் எழுந்து நின்று ஆடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு, அந்தச் சட்டையில். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"ஏ கத்தரிக்கா!" மைதானம் முழுக்கக் கேட்டது. "உப்பக் கொட்டின பயலுகளுக்கு மணியாட்டற கத்தரிக்கா! முப்பது வருஷம் கழுதைய மேச்சுட்டு இப்ப கருவாட்டுக் கூடைக்குள்ள போய் ஒக்காந்திருக்கா பாருங்க!"

ஊரே எழுந்து பார்த்தது. நடுவர் விசில் ஊதினார். சங்கிலி பிடிக்கிறவன் வாயைத் திறந்ததற்காக மேட்ச் நின்றதை யாரும் இதுவரை பார்த்ததில்லையாம். நடுவர் வந்து கம்பை அவன் கையிலிருந்து வாங்கி வேறொருத்தனிடம் கொடுத்தார். "கெளம்புங்க சார்" என்றார்.

கார்லண்ட் வெளிவாசலுக்குப் போகவில்லை. வேலியைத் தாண்டி நேரே படியேறி வந்தான். அந்த ஊதாக் கூட்டத்துக்கு நடுவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கடைசி விசில் வரைக்கும் ஓயவில்லை. என் கண் பார்வை, என் சமையல், பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது நான் முழிக்கிற முழி, என் தாய்மாமன் ஒருத்தர் வாங்கி ஏமாந்த குதிரை, எதையும் விடவில்லை. பீச்சம்காரி ஒருத்தி என்னிடம் குனிந்து, "இந்த ஆளு ஒன்னத் தொந்தரவு பண்றாரா? போலீசக் கூப்பிடட்டா?" என்றாள்.

"வேணாம்மா. எம் புருஷன்தான்" என்றேன்.

பீச்சம் ஜெயித்துத் தொலைத்தது. நான் அதற்குக் கைதட்ட வேண்டியிருந்தது. உள்ளங்கை இன்னும் நாறுகிறது.

சங்கிலி வேலை போனதுதான் போனது, திரும்பக் கொடுக்க மாட்டார்கள். கேட்டதற்கு, "அந்த ஹாட் டாக் வேகவே வேகாது" என்றான்.

இப்போது குளியலறைக்குள்ளிருந்து குரல் வருகிறது. "கத்தரிக்கா, காப்பி போட்டாச்சா?"

போடவில்லை. அவனே போட்டுக்கொள்ளட்டும்.